ஆண்டாளம்மாளின் இருமல்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு நான் மழுப்ப வேண்டாம்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ். அடைமழை. ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டதில் உள்ளே பட்டப்பகலிலேயே இருட்டு. கடைசி சீட்டில் யாரோ இருமினார். தொண்டையில் பிறக்கும் இருமல் அல்ல. நெஞ்சின் அடியிலிருந்து படியேறி வருவது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முந்தானையையும் துண்டையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் மட்டும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். வெகுநாளாக எதிர்பார்த்த விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டவள் மாதிரி ஒரு சிரிப்பு. அடுத்த நிறுத்தத்தில் எழுந்து போய் அந்த மனிதருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். நான் நிறையப் படிப்பவன், குறைவாகப் பேசுபவன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் கிடைத்திருக்கும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு பல நாள் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு மனுஷி இருமலைக் கேட்டு ஏன் சந்தோஷப்பட வேண்டும்? கடைசியில் ஒரே ஒரு விடைதான் தோன்றியது: அவளுக்கு இருமல் வேண்டும். இருமல்தான் அவளுடைய வேலை. தோன்றியதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆளில்லாத அறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் கிறுகிறுப்பு இன்னும் இறங்கவில்லை. வாக்கியங்கள் அங்கங்கே தள்ளாடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"டாக்டர் தேவயானி சுவாசத் தொற்றுகளுக்கான தடுப்பூசிகள் குறித்த ஆராய்ச்சியில் பல ஆண்டு அனுபவம் பெற்று, தற்போது..."

இது வேலைக்கான விண்ணப்பம். விட்டுவிட்டேன்.

இரண்டாம் முயற்சி:

"வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தேவயானியின் உள்ளத்திலும்..."

மன்னியுங்கள்.

மூன்றாம் முயற்சி:

"தேவயானி கடவுளிடம் இருமல் கேட்டாள்."

இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

தேவயானி கடவுளிடம் இருமல் கேட்டாள். நேரடியாகக் கேட்கவில்லை. ஒரு டாக்டர் அப்படிக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஐயங்கார்குளத்தில் அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று வழக்கம்போல் தொடங்கி, "ஆனா கொஞ்சம்..." என்று நிறுத்திக்கொள்வாள். மீதியைக் கடவுள் புரிந்துகொள்ளட்டும்.

அவள் வேலை அப்படி. மழைக்காலத்தில் பரவும் ஒரு சுவாசத் தொற்று இருக்கிறது. கொரோனா இல்லை, அதற்குத் தூரத்து உறவுகூட இல்லை. சின்னவர்களுக்கு வெறும் சளியாக வந்து போவது, வயதானவர்களுக்கு நெஞ்சில் இறங்கி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் புதிதாக ஒரு தடுப்பூசி. அதனால் ஆபத்தில்லை என்பது வேறு இடங்களில் தெரிந்துவிட்டது. வேலை செய்கிறதா என்பதுதான் தெரியவேண்டும். அதுவும், காலமெல்லாம் சேற்றில் நின்று, வைக்கோல் தூசியையும் விறகடுப்புப் புகையையும் இழுத்துப் பழகிய நெஞ்சுகளில் வேலை செய்கிறதா?

அதற்காகச் சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அறுபதைத் தாண்டியவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தாள். பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்ட நர்ஸுக்கும் தெரியாது, தேவயானிக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். அது கடைசி நாள் வரை வாய் திறக்காது.

பிறகு காத்திருக்க வேண்டும். யாராவது இருமினால் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து, அந்தக் கிருமிதானா என்று பார்க்க வேண்டும். முடிவில் கம்ப்யூட்டரைத் திறந்து, நோய் வந்தவர்களில் மருந்துக்காரர் எத்தனை பேர், உப்புநீர்க்காரர் எத்தனை பேர் என்று பார்த்தால் விடை.

சிக்கல் எங்கே என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். யாருமே இருமாவிட்டால் விடையே இல்லை.

அந்த ஆண்டு யாரும் இருமவில்லை. மழை வந்தது, ஏரி நிரம்பியது, கொசு வந்தது, காய்ச்சல்கூட வந்தது. இருமல் மட்டும் வரவில்லை. இப்படியே போனால் தை மாதத்தோடு ஆய்வை மூடிவிடுவோம் என்று மேலே இருக்கும் குழு சொல்லிவிட்டது. தேவயானியின் உழைப்பு வீணாவது இருக்கட்டும். மூடிவிட்டால், இந்த ஊர் நெஞ்சுகளுக்கு அந்த மருந்து ஆகுமா ஆகாதா என்ற கேள்வியைக் கேட்க இன்னொரு முறை யாரும் இவ்வளவு தூரம் வரப்போவதில்லை. அதுதான் அவளைத் தின்றது.

(ஓரக் குறிப்பு: ஊரே ஆரோக்கியமாக இருப்பதால் மனம் உடைந்துபோன ஒரு பெண்ணை வைத்துக் கதை எழுதுகிறேன். இது சோகமா வேடிக்கையா என்று தெரியாமல் இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவயானியைக் கேட்டால் அவளே சிரித்துவிடுவாள் என்று தோன்றியது. திறந்தேன்.)

4

இனிமேல் பிழை. உத்திரமேரூர்ப் பக்கத்தில் மட்டும் நடக்கக்கூடிய பிழை.

ஆய்வில் சேர்ப்பதற்கு முன் ஊரைக் கூட்டி விளக்கம் சொல்ல வேண்டும். அவர்கள் புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன் வரிசையில் ராஜாராம்; ஏரிக்கடியில் நல்ல நிலம் உள்ளவர், பேச்சிலும் தாராளம். சுவரோரம் நின்றவர்களில் ஆண்டாளம்மாள். ராஜாராம் நிலத்திலும் அடுத்தவர் நிலத்திலும் நாற்று நட்டுக் களை பறித்தே அறுபதைத் தாண்டியவள்.

"யாருக்கு மருந்து, யாருக்கு உப்புத்தண்ணின்னு யாரும்மா முடிவு பண்றது?" என்றார் ராஜாராம். "நீங்களா?"

"நான் இல்லீங்க. கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லித் தர்றது?"

தேவயானி யோசித்தாள். நிகழ்தகவு என்று ஆரம்பித்தால் கூட்டம் எழுந்து டீ குடிக்கப் போய்விடும். சட்டென்று வாயில் வந்தது:

"நம்ம உத்திரமேரூர் கல்வெட்டுல குடவோலை இருக்கு இல்லீங்களா? பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்கி எடுக்கறது. அது மாதிரிதான். கம்ப்யூட்டர்தான் குடம்."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. புரிந்துவிட்டது. வேண்டியதற்கு மேலேயே புரிந்துவிட்டது. ஏனென்றால் குடவோலையில் பெயர் விழுந்தவன் ஜெயித்தவன். விழாதவன் வீட்டுக்குப் போகவேண்டியவன்.

சுவரோரத்திலிருந்து ஆண்டாளம்மாள் கேட்டாள்: "யாம்மா, அந்தக் கொடத்துல எம்பேரும் போடுவியா?"

"உங்க பேரும்தான். எல்லார் பேரும்."

"அவரு பேரும் எம்பேரும் ஒரே கொடத்துலயா?" முகவாயால் ராஜாராமைக் காட்டினாள்.

"ஒரே குடம்தாம்மா."

ராஜாராம் திரும்பிப் பார்த்தார். "இன்னா ஆண்டாளு, எலெக்சன்ல நிக்கறவ மாதிரி விசாரிக்கற."

"நின்னா ஓட்டுப் போடுவியா நைனா?"

கூடமே சிரித்தது. ராஜாராமும் சிரித்தார்.

கல்வெட்டில் ஒரு வரி உண்டு. குடத்துக்குள் பெயர் போகவேண்டுமானால் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் நான் அந்த வரியை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆண்டாளம்மாள் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. குடத்துக்குள் யார் பெயர் போகும் என்பது அவளுக்குப் பாடம் வைத்துச் சொல்ல வேண்டிய சங்கதியும் இல்லை.

ஊசி போட்ட அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சேதி போய்விட்டது.

"எனுக்கு மருந்துதான் வியுந்துகீது. கை வலிக்குது பாரு. உப்புத்தண்ணின்னா வலிக்குமா?"

"குத்துனா எதுவும்தான் வலிக்கும்" என்றாள் எதிர்வீட்டு கீதா.

"அது வேற வலிடி. இது மருந்து வலி."

இப்படியாக ஓர் உவமை ஊருக்குள் இறங்கியது. இறங்கியபின் அதுவும் ஒரு கிருமி மாதிரியேதான் நடந்துகொண்டது. டீக்கடையில், நடவு வரிசையில், டவுன் பஸ்ஸில் என்று ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குத் தாவியது. தாவத் தாவ உருமாறியது. கடைசியில் ஊர் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: யார் இருமுகிறாரோ அவருக்கு விழுந்தது உப்புத்தண்ணி.

உவமைகளைக் கையாள்கிறவன் என்ற முறையில் இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும்.

5

டேனியல் என்பவன் தேவயானியின் களப்பணியாளன். பைக்கின் பின்னால் மாதிரிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவான். நல்லவன், வாயைத் தவிர. "இருமல் இல்லாட்டி மேடத்தோட ஆராய்ச்சியவே மூடிடுவாங்களாம்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் அவனே போன் செய்தான்.

"மேடம், ராஜாராம் சாருக்கு இருமலாம்."

தேவயானியின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. "எப்பத்துல இருந்து டேனியல்?"

"நான் டீக்கடையில சொன்னதுல இருந்து மேடம்."

ராஜாராம் தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். தேவயானி உள்ளே வந்ததும் இருமினார். மேடையில் மைக்கைப் பிடித்தவர் பேச்சைத் தொடங்குமுன் செய்வது மாதிரி இருந்தது.

அவர் மனைவி ஆதிலட்சுமி காபியோடு வந்தாள். "நேத்து வரைக்கும் குத்துக்கல்லாட்டம் இருந்த மனுசன். ஒங்க வண்டி சத்தம் கேட்டா இருமறாரு. தூக்கத்துல ஒரு தபா இருமியிருந்தா நான் நம்பறேன்."

"நீ சொம்மா இரு" என்றார் ராஜாராம். "அவ்ளோ தொலைவுல இருந்து வருது பொண்ணு. வெறுங்கையோட அனுப்பறதா? காபி குடும்மா. வேணும்னா இன்னும் ரெண்டு இருமறேன்."

தேவயானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் விதி விதிதான். இருமல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மாதிரி எடுத்தே ஆகவேண்டும். பஞ்சுக்குச்சி மூக்குக்குள் போனதும் ராஜாராமுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "போதும்மா" என்றார். "போதும், மிச்சத்த ஆதிலட்சுமிகிட்ட எடுத்துக்க."

அந்த வாரம் ராஜாராமைப் பார்த்து இன்னும் பலர் இருமினார்கள். நிலம் உள்ளவர்கள், மளிகைக்கடைக்காரர், ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியர். எல்லாரும் காபி கொடுத்து இருமினார்கள். உப்புத்தண்ணி விழுந்தவர் என்று பெயர் வந்தால் வரட்டும், அவர்களுக்கு அதனால் குறைந்துபோக ஒன்றும் இல்லை. எல்லா மாதிரியும் சோதனைக்குப் போயின. எதிலும் கிருமி இல்லை. விருந்தோம்பல் மட்டும்தான் இருந்தது.

(இன்னொரு குறிப்பு. ராஜாராமை இவ்வளவு நல்லவராக எழுதலாமா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒரு பிரதியில் அவரைக் கொடுமைக்காரராக மாற்றிப் பார்த்தேன். "ராஜாராம் மீசையை முறுக்கிக்கொண்டு, யாரைக் கேட்டு இவள் பெயரை..." அதோடு நின்றுவிட்டது. மனிதர் ஒத்துழைக்கவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டார். நல்லவராகவே இருக்கட்டும். குடத்துக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெயர் கிடந்தால் நல்லவராக இருப்பது கொஞ்சம் சுலபம் என்று மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.)

6

இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் திருத்தினேன். முதலில் நீளமாக ஒரு வர்ணனை இருந்தது. அதில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: மழை.

டேனியலின் பைக்குக்குப் பின்னால் தேவயானி ரெயின்கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இருபக்கமும் வயல் தளும்பிக்கொண்டிருந்தது. வரப்பு தெரியவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. கொஞ்சதூரம் போனபிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

"டேனியல், நிறுத்து. அது இன்னா சத்தம்?"

"மோட்டரு மேடம். ராஜாராம் சார் பம்புசெட்டு."

"வயல்ல முட்டிக்கால் தண்ணி நிக்குது. மழையில எவன் மோட்டர் போடுவான்?"

டேனியல் யோசித்தான். "கரண்ட்டு வந்திச்சேன்னு போட்டிருப்பாங்க மேடம்."

தேவயானி இறங்கிவிட்டாள். வழுக்கும் வரப்பில் இரண்டு முறை விழப்பார்த்து, மோட்டார் கொட்டகைக் கதவைத் தள்ளினாள். உள்ளே தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஆண்டாளம்மாள். உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது.

தேவயானியின் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. பஸ்ஸில் நான் பார்த்தேனே, அதே சிரிப்பு. அது வந்த வேகத்தில் அவளே அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஆனால் வந்தது வந்ததுதான். அவள் அதை மறைக்கவில்லை. ஆகவே நானும் மறைக்கவில்லை.

"எத்தினி நாளா இருக்கும்மா?" என்று மோட்டாருக்கு மேல் கத்திக் கேட்டாள்.

"இன்னாது?"

"இருமல்."

"இருமலா? மோட்டரு சத்தம்மா அது. பய்ய மோட்டரு. அப்படித்தான் லொக்குலொக்குனுக்கினு ஓடும்."

தேவயானி கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் நின்றது. இருமல் நிற்கவில்லை.

நெடுநேரம் கழித்து அது ஓய்ந்தபோது ஆண்டாளம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேவயானியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. கூரையில் மழை மட்டும் பேசியது. இந்த மௌனத்தை நீட்டிக்கொண்டே போக எனக்கு ஆசை. ஆண்டாளம்மாளுக்குப் பொறுமை இல்லை.

"வெளிய சொல்லிடாத கண்ணு."

"ஏம்மா?"

"எல்லாளும் சிரிப்பாளுங்கோ. ஆண்டாளுக்கு உப்புத்தண்ணிதான்னு." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "பொறந்ததுல இருந்து எனுக்கு எதுவும் வியுந்ததில்ல. ரேஷன்ல எனுக்கு முந்தின ஆளோட சக்கர தீந்துடும். தொகுப்பு வூட்டுக்கு மூணு தபா எய்திக் குடுத்தேன், பேரு வரல. இது ஒண்ணுதான். ஒரே கொடம்னு நீதான சொன்ன. எம்பேரு வியுந்திச்சின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். இப்ப அத்த புடுங்கிக்காத."

தேவயானியின் பைக்குள் பஞ்சுக்குச்சி இருந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் அவள் தேடிய இருமல் அவள் தோளில் சாய்ந்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. கை பைக்குள் போனது. குச்சியைத் தாண்டிப் போய், விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கும் சின்னக் கருவியை எடுத்தது. ஆண்டாளம்மாளின் விரலில் மாட்டினாள். எண் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. விட்டுவைக்கக் கூடாத அளவு.

"இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். "மூக்குல எடுக்க உடறதும் உடாததும் உங்க இஷ்டம். எடுக்கலன்னாலும் வைத்தியம் பாப்பேன். அது வேற, இது வேற."

"எடுக்கலன்னா உன் ஆராய்ச்சிய மூடிடுவாங்கன்னு டேனியலு சொன்னான்."

"மூடனா மூடட்டும். இன்னொண்ணு கேளுங்க. அந்தக் குடத்த மறந்துடுங்க. நான் சொன்னது சரியில்ல. மருந்து போட்டவங்களுக்கும் இருமல் வரலாம். உப்புத்தண்ணி போட்டவங்க இருமாமலும் இருக்கலாம். அந்த மருந்து இருமல தடுக்குமா தடுக்காதான்னு தெரியாமத்தான நான் சேத்துல வந்து நிக்கறேன். தெரிஞ்சிருந்தா இன்னாத்துக்கு வரேன்?"

"உனுக்கே தெரியாதா?"

"தெரியாது."

"டாக்டருக்குப் படிச்சிட்டு?"

"படிச்சிட்டுத்தான்."

ஆண்டாளம்மாள் அவளை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு விரல் மடக்கிக் கணக்குப் போடுகிறவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நான் இருமனா, உப்புத்தண்ணின்னு சொல்ல முடியாது."

"முடியாது."

"மருந்துன்னும் சொல்ல முடியாது."

"முடியாது."

"எதிர்வூட்டு கீதாவால ஒண்ணியும் சொல்ல முடியாது."

"கீதாவால ஒண்ணியுமே சொல்ல முடியாது."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. குடையோடு ராஜாராம். "எவன்டா மழையில மோட்டரப் போட்டு..." என்று தொடங்கியவர், தேவயானியைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் இருமினார்.

ஆண்டாளம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நைனா, இதான் உன் இருமலா?"

"ஏன், இதுக்கு இன்னா கொறச்சல்?"

"இருமல்னா இன்னான்னு காட்றேன் பாரு" என்றாள். காட்டினாள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ராஜாராம் குடையோடு பின்வாங்கி மழையில் போய் நின்றார். "யம்மா" என்றார் வெளியிலிருந்து. "எனக்கு அந்த மாதிரி வராதும்மா. ஒத்துக்கறேன்."

ஆண்டாளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருமிய கண்ணீரா, சிரித்த கண்ணீரா என்று எழுத எனக்கு உரிமை இல்லை. முகத்தைத் தூக்கி மூக்கை நீட்டினாள்.

"எடுத்துக்க. ஆனா ஒரு கண்டிசன். கம்ப்யூட்டர தெறக்கற அன்னிக்கு, எனுக்கு வியுந்தது எதுன்னு எனுக்குத்தான் சொல்லணும். நான் சொல்லாம வேற ஆருக்கும் தெரியக் கூடாது. ஊருக்கும் கூடாது, அவருக்கும் கூடாது."

"உங்க சேதிய உங்களக் கேக்காம வெளிய சொல்லக் கூடாதுன்றதுதான் எங்க மொத விதியே."

"சத்தியமா?"

"சத்தியமா."

7

மாதிரியில் கிருமி இருந்தது. ஆண்டாளம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். சில நாளில் கஞ்சி வேண்டாம், கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று சண்டை போட்டாள். அது நல்ல அறிகுறி என்று தேவயானி குறித்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய ஆண்டாளம்மாள், மிச்சமிருந்த இருமலைத் தெருவில் நின்று எல்லார் காதிலும் விழும்படி இருமினாள். "இருமனா உப்புத்தண்ணின்னு எவளாலயும் சொல்ல முடியாது. டாக்டருக்கே தெரியாது" என்று விளக்கமும் சொன்னாள். கீதா வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்ல முடியாமல் மூடிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் தெரிந்தது. ஊர் இருமாமல் இல்லை. மறைத்து மறைத்து இருமியிருக்கிறது. ஒருவர் ரைஸ்மில் ஓடும்போது. ஒருவர் சர்ச்சில் எல்லாரும் பாடும்போது. ஓர் அம்மாள் தலையணைக்குள். சுவரோரம் நிற்பவர்கள்தான் எல்லாரும். வாழ்க்கையில் முதல்முறை பெயர் விழுந்தது என்று நம்பியவர்கள். ஓர் உவமை அத்தனை நெஞ்சுகளையும் கட்டிப்போட்டு வைத்திருந்தது. இப்போது கட்டு அவிழ்ந்தது. ஐசக் என்பவர் டவுன் பஸ்ஸிலேயே, கடைசி சீட்டில், ஷட்டர் போட்ட இருட்டில், கூச்சமில்லாமல் இருமினார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

கதை இங்கே என் பஸ்ஸுக்குத் திரும்பி வந்துவிட்டது. நியாயமாக இங்கேயே இறங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் நீங்கள் சீட்டை விட்டு எழவில்லை. என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும்.

ஆய்வை மூடவில்லை. முடிந்தபோது கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். மருந்து வேலை செய்தது. முழுக்க இல்லை; ஆனால் செய்தது. அந்த நெஞ்சுகளிலும் செய்தது. தேவயானி அன்று டேனியலுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தாள்.

நீங்கள் கேட்பது அதையும் இல்லை.

8

முடிவு, அ:

"ஆண்டாளம்மாளுக்கு விழுந்தது மருந்துதான். அவள் முகம் மலர்ந்து..."

இது அவளுக்கு நான் கொடுக்கும் பிச்சை. வாங்கமாட்டாள்.

முடிவு, ஆ:

"அவளுக்கு விழுந்தது வெறும் உப்புநீர். ஆனால் அவள் அறிந்துகொண்டாள், வாழ்க்கையில் உண்மையான..."

இது பாடம். அவள் பள்ளிக்கூடமே போனதில்லை, இப்போது எதற்கு?

முடிவு, இ. இதை நான் எழுதவில்லை, தள்ளி நின்று பார்த்தேன்:

அறுவடை முடிந்த வெயில் நாள். தேவயானி பைக்கிலிருந்து இறங்கி வரப்பில் வருகிறாள். களத்தில் ராஜாராம் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கிறார். கீதா தூற்றுகிறாள். ஆண்டாளம்மாள் கையை உதறிக்கொண்டு எழுகிறாள். ஒன்றும் பேசாமல் தேவயானியின் மணிக்கட்டைப் பிடித்து மோட்டார் கொட்டகைக்குள் கூட்டிப்போகிறாள். எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். ஒரு வார்த்தைதானே, எப்படியும் விழுந்துவிடும்.

உள்ளே சுவிட்சு தட்டும் சத்தம். பழைய மோட்டார் இருமிக்கொண்டு கிளம்புகிறது.

காய்ந்த வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. யாருக்கும் வேண்டாத தண்ணீர். அந்தச் சத்தத்துக்கு அடியில், ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஒரு சொல் சொல்கிறாள்.

மோட்டார் நிற்கிறது. இருவரும் வெளியே வருகிறார்கள். தேவயானியின் முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் தொழிலில் அதற்குப் பயிற்சி உண்டு. ஆண்டாளம்மாள் சிரித்துக்கொண்டு வருகிறாள். ஆனால் அவள் எதற்கும் சிரிப்பவள், நம்ப முடியாது.

"இன்னாவாம் ஆண்டாளு?" என்கிறார் ராஜாராம், பொறுக்கமாட்டாமல்.

"மோட்டரு நல்லா ஓடுது நைனா."

நான் எழுத்தாளன், கொட்டகைக்குள் போயிருக்கலாம். கதவு என்னுடையது, தகரம் என்னுடையது, மோட்டாரே நான் போட்டதுதான். போகவில்லை. அவளைக் கேட்காமல் யாருக்கும் தெரியக் கூடாது என்று தேவயானி செய்த சத்தியத்தை எழுதியவனும் நானே.

வாசகரே, உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் வழி சொல்கிறேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சாலவாக்கம் வண்டி ஏறுங்கள். ஏரிக்கரை தாண்டி இறங்கினால் யாரும் காட்டுவார்கள். போய், எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவளுக்குப் புரியும்படி விளக்குங்கள். உவமை வேண்டாம். அவள் சம்மதித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதிக்காவிட்டால் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

போகும்போது வயலில் தண்ணீர் நிறைந்திருந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், கதவைத் தள்ளாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.